கையுறை, ஆண்பால்

திங்கள் காலை, ஐந்து இருபது.
புர்க்டோர்ஃப், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம்.
வேலிக் கம்பியின் நுனியில்
யாரோ சொருகிவிட்டுப் போயிருந்தார்கள்
ஒரு கையுறை.
நாலு வயசுக் கை. கடுகு மஞ்சள்.
பெருவிரலில் மட்டும் சிவப்பு நூலால் ஒரு தையல்.
தெருவிளக்கின் கீழே
விடை தெரிந்த பிள்ளை மாதிரி
கையை உயர்த்திக்கொண்டு நின்றது.

நான் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறவள்.
அங்கே எல்லாவற்றிலும் பெயர் தைத்திருக்கும்,
காலுறையில்கூட.
அப்படியிருந்தும் போன கிழமை
முப்பத்தோராம் அறை அம்மாவின் சாம்பல் ஸ்வெட்டர் தொலைந்தது.
அவருடைய மகன்
என் கைப்பையைப் பார்த்தபடியே
மேலாளரிடம் பேசினான்.
திற என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் திறந்து காட்டியிருப்பேன்.
சொல்லாததைத்தான் வீடுவரை சுமந்துவந்தேன்.

அதனால் திங்களன்று
அந்தக் கையுறையை நான் பெரிதாக எடுக்கவில்லை.
வேலி என்றால் எனக்குத் தெரிந்தது
பயிரை மேய்ந்த வேலி.
பிறகு, ஆட்களை உள்ளே வைத்து அடைத்த முள்கம்பி.
நாளைக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.

செவ்வாய் இருந்தது.
காற்று பலமென்று
யாரோ ஒரு மரக்கவ்வி மாட்டியிருந்தார்கள்,
கொடியில் துணிக்கு மாட்டுவது.
புதன் பனி கொட்டியது.
கையுறைக்கு மேலே ரொட்டிக்கடைப் பிளாஸ்டிக் பை,
குல்லா போலக் கவிழ்த்து,
அடியில் ரப்பர் வளையம்.
கவ்வி மாட்டியவரும் பை கவிழ்த்தவரும்
ஒருவரையொருவர் கண்டிருக்கமாட்டார்கள்.

வியாழன் மாலை
பை எங்கோ பறந்துபோய்
கையுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
என்ன நினைத்தேனோ,
கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன்.
அதே கைப்பை.
பிறகுதான் பயம் வந்தது.
பஸ் கால அட்டவணையைக் கிழித்து
பின்பக்கம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினேன்:
கையுறை என்னிடம். காயவைத்து
காலை ஐந்தரைக்குள் கொண்டுவருவேன்.
அந்தத் தாளைக் கவ்வியில் மாட்டினேன்.

ஹீட்டர் மேலே விரித்தபோது
சின்னதாக ஆவி எழுந்தது.
"ஊரான் வீட்டுக் கையுறைக்கு
உனக்கு நித்திரை இல்லையோ" என்றார் தயாபரன்.
இல்லைத்தான்.
இரவோடு இரவாக அந்தப் பிள்ளை வந்து தேடினால்?
பனி என் எழுத்தை அழித்திருந்தால்?
என் பைக்குள் அது போனதை
யாராவது பார்த்திருந்தால்?

வெள்ளி, ஐந்து பத்துக்கே போய்விட்டேன்.
தாள் இருந்தது.
நான் 'டீ' என்று எழுதியதை
பென்சிலால் ஒரே கோட்டில் வெட்டி
மேலே 'டேர்' என்று போட்டிருந்தது.
வாத்தியார் எழுத்து.
கீழே, தள்ளி,
'நன்றி.'

பஸ் வரும்வரை தனியே நின்று சிரித்தேன்.
எங்களுக்குக் கையுறை அஃறிணை, வேலை முடிந்தது.
இவர்களுக்கு அது ஆண்.
நான் தெரியாமல் பெண்ணாக்கிவிட்டேன்.
பிழையைத் திருத்தாமல் போக மனம் வரவில்லை,
நன்றி சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை
யாரோ ஒருவருக்கு.
பதினொரு மணியோ, நாலு மணியோ,
அந்தக் குளிரில் நின்று
பை முழுக்கப் பென்சில் தேடியிருக்கிறார்.

காய்ந்த கையுறையை மறுபடி சொருகினேன்.
சனிக்கிழமை அது இல்லை.
எடுத்தது உரிய கைதானா, தெரியாது.
கேட்க ஆளில்லை.
கம்பியில் கவ்வி மட்டும்.

ஸ்வெட்டர் இன்னும் கிடைக்கவில்லை.
மடித்த துணியோடு முப்பத்தோராம் அறைக்குப் போனேன்.
மகன் இருந்தான்.
காலை வணக்கம் சொன்னேன்,
வழமையைவிடக் கொஞ்சம் சத்தமாக.
அவனும் சொன்னான். அவ்வளவுதான்.

இது ஏப்ரல்.
அந்தக் கவ்வியில் இப்போது ஒரு சாவி தொங்குகிறது.
என் கைப்பையில் ஒரு பென்சில் இருக்கிறது.
யாராவது திறந்து பார்க்கட்டும்.